சாளரமும் நடைமேடையும்

விவிலியத்தின் திருப்பாடல் நூலில் இருவகைப் பயணப் பாடல்கள் உள்ளன. 120 முதல் 134 வரையுள்ள பதினைந்தும் சீயோன் மலைத் திருப்பயணப் பாடல்கள் எனப் பெயர் பெற்றவை. திருவிழாவுக்காக எருசலேமை நோக்கி விரும்பிச் சென்ற மக்களின் பாடல்கள் அவை. 137-ஆம் திருப்பாடலோ பாபிலோனுக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்களின் பாடல். அங்கே பாடச் சொல்கிறவர்கள் சிறைப்படுத்தியவர்களே. பாட மறுப்பதே அங்குப் பாடலாகி விடுகிறது. மக்களினம் ஒன்றே, நூலும் ஒன்றே. ஆயினும் விரும்பிச் சென்றவரின் பாட்டும் இழுத்துச் செல்லப்பட்டவரின் பாட்டும் வெவ்வேறு. எந்த நாட்டின் பயணப் பாடல்களை ஆராயப் புகுந்தாலும் இவ்வேறுபாட்டை அளவுகோலாகக் கொள்வது பொருந்தும் என எண்ணுகிறோம்.

ஜப்பான் நாட்டின் இரயில் பாடல்களை இவ்வளவுகோலால் அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். முத்துக்குளித்துறையில் நற்செய்தி அறிவித்த புனித பிரான்சிஸ் சவேரியார் 1549-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள் ககோஷிமாவில் கரையிறங்கினார் என்பதை நம் வாசகர்கள் அறிவர். கடல்வழியாகவும் கால்நடையாகவும் பெரிதும் துன்புற்று அவர் கியோத்தோ நகரை அடைந்தது 1551-ஆம் ஆண்டின் கடுங்குளிரில். அவ்வாறு நடந்தும் படகேறியுமே ஊர்விட்டு ஊர் சென்ற அந்நாட்டில், 1872-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், தோக்கியோவின் ஷிம்பஷிக்கும் யோக்கோஹாமாவுக்கும் இடையே முதல் இரயில் பாதை திறக்கப்பட்டது. 1889-இல் அப்பாதை கோபே துறைமுகம் வரை நீண்டது. அதன்பின் அம்மக்கள் இரயிலைப் பாடத் தொடங்கினர். இன்றளவும் பாடி வருகின்றனர். அப்பாடல்களை நாம் மொழிபெயர்ப்பின் துணைகொண்டே அணுக வேண்டியுள்ளது. ஆதலால் சொல்லழகைப் பற்றி மிகுதியாகப் பேசாமல், அவை யாரைக் காண்கின்றன, யாரைக் காணாது கடந்து செல்கின்றன என்பதைப் பற்றியே பேசுவோம்.

சாளரத்தின் வழியே ஒரு நாடு

1900-ஆம் ஆண்டு மே மாதம் 'தெட்சுதோ ஷோகா' என்னும் சிறுநூல் வெளிவந்தது. 'இரயில் பாடல்' என்பதே அதன் பொருள். இயற்றியவர் ஓவதா தகேகி என்னும் இலக்கிய அறிஞர். ஷிம்பஷியில் புறப்படும் புகைவண்டி கோபேயைச் சென்றடையும் வரை, வழியிலுள்ள ஊர்களையும் கோயில்களையும் பழம்போர்க்களங்களையும் ஃபுஜி மலையையும் 66 செய்யுள்களில் அது வரிசையாகப் பாடுகிறது. ஏழும் ஐந்துமாக ஒலிகளை அடுக்கும் பழைய யாப்பு. நடந்துகொண்டே பாடத்தக்க மெட்டு. அதே ஆண்டில் நாட்டின் பிற பாதைகளுக்கும் தொகுதிகள் வெளிவந்து, ஐந்து தொகுதிகளிலும் சேர்த்து 334 செய்யுள்களாயின. 'புவியியல் கல்விக்கான' என்னும் அடைமொழி நூலின் தலைப்பிலேயே இருந்தது. நூலைப் பரப்புவதற்காகப் பதிப்பாளர் இசைக்குழுவினரை இரயிலில் ஏற்றி வாசிக்கச் செய்தார் என்பது சுவையான செய்தி. நம் வழிநடைச் சிந்துகளை அறிந்தவர்களுக்கு, வழியிலுள்ள ஊர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிச் செல்லும் இம்முறை அயலாகத் தோன்றாது.

இப்பாடலின் நன்மையை நாம் குறைத்து மதிக்கவில்லை. தன் ஊரின் எல்லையைத் தாண்டியறியாத சிறுவனும் இதைப் பாடித் தன் நாட்டின் ஊர்ப்பெயர்களைக் கற்றான். பெயர் தெரியாத ஊரின்மேல் அன்பு பிறப்பதில்லை. பல சிற்றரசுகளாகப் பிரிந்து கிடந்து, ஒரு தலைமுறைக்கு முன்னரே ஒன்றாக இணைந்த ஒரு நாட்டுக்கு இது சிறிய தொண்டு அன்று. 1912-இல் பள்ளிப் பாடநூலில் இடம்பெற்ற 'கிஷா' (புகைவண்டி) என்னும் சிறுவர் பாட்டும் அவ்வாறே: மலை வருகிறது, கடற்கரை வருகிறது, இரும்புப் பாலமும் சுரங்கமும் வருகின்றன. சாளரத்தில் முகம் பதித்த குழந்தையின் வியப்பு அதில் கலப்பின்றி இருக்கிறது. அவ்வியப்பைக் குறைகூறுவார் யார்?

ஆனால் சாளரத்தின் வழியே காண்பவனுக்கு ஒரு குறை உண்டு. அவன் இறங்குவதில்லை. 'தெட்சுதோ ஷோகா'வின் கண் ஊர்களின்மேல் படிகிறது. ஊராரின்மேல் அவ்வளவாகப் படிவதில்லை. பாதையைப் பாடும் அப்பாடல், பாதையை அமைத்த கைகளைப் பாடவில்லை. இரயில் பாடல்களில் பொதுவாகவே காணப்படும் இம்மௌனம் எத்துணைப் பெரியது என்பதற்கு ஒரு சான்று போதும். வட தீவான ஹொக்கைதோவில் ஜோமோன் என்னும் சுரங்கப்பாதை 1912 முதல் 1914 வரை வெட்டப்பட்டது. முன்பணம் கொடுத்து அழைத்துவரப்பட்டு, தப்பியோட இயலாதபடி கொட்டகைகளில் அடைத்து வைக்கப்பட்ட கூலியாட்கள் அதை வெட்டினர். 1968-ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தில் சேதமுற்ற அச்சுரங்கத்தை 1970-இல் சீரமைத்தபோது சுவரின் உட்புறத்தில் மனித எலும்புக்கூடு காணப்பட்டது. சாளரத்தில் முகம் பதித்த குழந்தைக்குச் சுரங்கம் ஒரு கணப்பொழுது இருட்டு. அதன் சுவருக்குள் இருந்தவரை அக்குழந்தைக்குச் சொல்வார் இல்லை.

இன்னொன்றையும் குறிக்க வேண்டும். முதல் தொகுதியின் பாடல் கோபேயை அடைந்தவுடன் நிறைவு கொள்வதில்லை. விடிந்ததும் வேறு வண்டி ஏறி மேற்கே செல்லும் ஆவலோடு அது முடிகிறது. பாடுகிறவனின் ஆவல் களங்கமற்றது. ஆயினும் அதே ஆவல் நாட்டின் ஆவலாக மாறி, கடலையும் தாண்டிற்று. 1904–1905 இரஷ்யப் போருக்குப் பின் கொரியா, மஞ்சூரியா ஆகிய நாடுகளின் இரயில் பாதைகளைப் பற்றியும் இதே முறையில் பாடல்கள் தோன்றின. அங்கே ஊர்ப்பெயர்களைக் கற்பது அன்பின் பாடமா, உடைமையின் பாடமா என்னும் ஐயம் எழாமல் இல்லை.

அந்த ஆவல் சென்று முடிந்த இடங்களுள் ஒன்றைத் தமிழர் மறக்கவியலாது. 1942–1943-இல் ஜப்பானியப் படை சயாமையும் பர்மாவையும் இணைக்க அமைத்த 415 கிலோமீட்டர் பாதையே அது. மேற்கத்தியப் போர்க்கைதிகள் அறுபதாயிரத்திற்கும் மேற்பட்டோர் அதில் உழைத்தனர். அவர்களுள் ஏறத்தாழ 12,000 பேர் மாண்டனர். அவர்களுடைய கல்லறைகளில் பெயர்கள் உள்ளன. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர்களோ அவர்களைவிடப் பன்மடங்கு மிகுதியாக மாண்டனர். அவர்களுள் மிகப் பலருக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப் பதிவும் இல்லை. அப்பாதையின் திறப்புவிழாவில் ஓடிய நீராவி இயந்திரம் ஒன்று இன்று தோக்கியோவின் யசுகுனி ஆலயத்தைச் சார்ந்த காட்சியகத்தில் துடைத்துப் பொலிவூட்டி வைக்கப்பட்டுள்ளது. இயந்திரம் நினைவில் நிற்கிறது. தண்டவாளத்தைச் சுமந்தவர் நினைவில் நிற்கவில்லை.

ஒரு மெட்டு, இரு சுமை

பாடல் என்பது ஒரு வண்டியைப் போன்றதே. அதில் எதையும் ஏற்றலாம் என்பதற்கு ஜப்பானியரின் புகழ்பெற்ற சிறுவர் பாட்டு ஒன்று சான்றாகிறது. 'கிஷா பொப்போ' என்னும் அப்பாட்டை இன்று குழந்தைகள் குதூகலத்தோடு பாடுகின்றனர். ஆனால் 1930-களின் இறுதியில் தோமிஹரா கவோரு என்னும் பள்ளி ஆசிரியர் அதை எழுதியபோது அதன் பெயர் 'படைவீரர்களின் புகைவண்டி' என்பது. போர்முனைக்குச் செல்லும் வீரர்களைச் சிறுவர்கள் கொடியசைத்து வாழ்த்தி வழியனுப்பும் பாட்டு அது. மெட்டமைத்தவர் குசகவா ஷின். போர் தோல்வியில் முடிந்த 1945-ஆம் ஆண்டின் கடைசி நாளன்று, என்.எச்.கே. வானொலியின் இசை நிகழ்ச்சியில் கவதா மசகோ என்னும் பதினொரு வயதுச் சிறுமி அதைப் பாட வேண்டியிருந்தது. பழைய சொற்களோடு பாட இயலாது. ஆகவே எழுதியவரே சொற்களை மாற்றினார். வீரர்களை வாழ்த்திய இடத்தில், வண்டியை ஓடு ஓடு என ஊக்கும் சொற்கள் வந்தன. மெட்டில் மாற்றமில்லை.

இதை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? சொல்லை மாற்றியது நன்று எனச் சிலர் கூறலாம். குழந்தைகளின் வாயிலிருந்து போர் அகற்றப்பட்டது அன்றோ! உண்மையே. ஆயினும் சொல் மாறியபோது இன்னொன்றும் அகன்றது. பழைய பாட்டில் வண்டிக்குள் இளைஞர்கள் இருந்தார்கள். அவர்களுள் பலர் திரும்பி வரவில்லை. புதிய பாட்டில் மலையும் வயலும் ஓடுகின்றன. அந்த இளைஞர்கள் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. போர்வெறியை அகற்றுவது மனமாற்றத்தின் தொடக்கம். மாண்டவரை நினைவிலிருந்து அகற்றுவதோ மனமாற்றம் ஆகாது. ஒப்புரவு அருளடையாளத்தை அறிந்த நமக்கு இவ்வேறுபாடு விளங்கும். பாவத்தை அறிக்கையிடுவதும் பாவத்தின் தடயத்தை அழிப்பதும் ஒன்றல்ல.

இதற்கு மாறான ஒரு வழியையும் அந்நாட்டு இசை கண்டது. கொசேகி யூஜி என்னும் இசையமைப்பாளர் 1937-இல் பயணம் முடிந்து தோக்கியோ திரும்பும்போது, ஓடும் இரயிலிலேயே ஒரு படைவீரர் பாடலுக்கு மெட்டமைத்தார். நாடு முழுவதும் அது பரவியது. அதைப் பாடிக்கொண்டே எண்ணற்றோர் போருக்குச் சென்றனர். அதே கொசேகி 1949-இல் 'நாகசாகியின் மணி' என்னும் பாடலுக்கு இசையமைத்தார். அணுகுண்டில் மனைவியை இழந்து, தாமும் நோயுற்றுப் படுக்கையில் கிடந்தவாறே எழுதிய கத்தோலிக்க மருத்துவர் நகாய் தகாஷியின் நூலைத் தழுவிய பாடல் அது. அங்கே இழப்பு மறைக்கப்படவில்லை. மாண்டவளும் மணியோசையும் பாட்டிலேயே இருக்கின்றனர்.

நடைமேடையில் நிற்பவர்கள்

1964-ஆம் ஆண்டு ஜப்பானுக்குப் பெருமிதமான ஆண்டு. அக்டோபர் 1-ஆம் நாள் தோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஷின்கான்சென் என்னும் அதிவிரைவு இரயில் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்தில் ஓடத் தொடங்கிற்று. அதே மாதம் ஒலிம்பிக் விளையாட்டுகள் நடைபெற்றன. ஆனால் அவ்வாண்டில் மக்களின் நெஞ்சில் இடம்பிடித்த இரயில் பாடல் அதிவிரைவு இரயிலைப் பற்றியது அன்று. இஸவா ஹச்சிரோ பாடிய 'ஆ, உவேனோ நிலையமே' என்பதே அது. உழவர் குடும்பங்களுக்கான மாத இதழ் ஒன்று நடத்திய போட்டியில் பரிசு பெற்ற பாடல் என்பது குறிப்பிடத்தக்கது.

வடக்கே பனிசூழ்ந்த வறிய மாவட்டங்களில் நடுநிலைப் பள்ளியை முடித்த பதினைந்து வயதுப் பிள்ளைகள், வேலைக்கெனத் தனி இரயில்களில் கூட்டமாகத் தலைநகருக்கு அனுப்பப்பட்டனர். 1954 முதல் 1975 வரை அவ்வண்டிகள் ஓடின. வந்திறங்கிய இடம் உவேனோ நிலையம். முதலாளிகள் அவர்களைத் 'தங்க முட்டைகள்' என்றழைத்தனர். அப்பிள்ளைகளுள் ஒருவனின் குரலில் அமைந்ததே இப்பாடல். உவேனோ அவனுக்கு வந்திறங்கிய இடம் மட்டுமன்று. ஊர் நினைவு வரும்போதெல்லாம் நாடிச் செல்லும் இடமுமாகும். பாட்டின் நடுவே பேச்சாக ஒரு பகுதி வருகிறது. தான் இல்லாததால் அம்மாவுக்கு வயல்வேலை கடினமாக இருக்குமே என வருந்துகிறான். அடுத்த விடுமுறைக்கு வந்து இருவர் தோள்வலியும் தீரத் தட்டிவிடுவதாகப் பெற்றோருக்கு வாக்களிக்கிறான்.

இப்பாட்டுக்கு அரைநூற்றாண்டு முன்னரே, வடக்கே இவாத்தேயில் பிறந்து தலைநகரில் வறுமையுற்று வாழ்ந்த கவிஞர் இஷிகவா தகுபொகு, தம் ஊரின் பேச்சொலியைக் கேட்பதற்காகவே நிலையத்தின் கூட்டத்திற்குள் செல்வதைப் பற்றி ஒரு சிறு கவிதை எழுதியிருந்தார். 1910-இல் வெளியான தொகுப்பில் உள்ள அக்கவிதை உவேனோ நிலையத்தில் இன்று பொறிக்கப்பட்டுள்ளது. ஆக, நிலையம் என்பது பயணம் தொடங்கும் இடம் என்பதைவிட, ஊரை இழந்தவன் ஊரைத் தேடும் இடம் என்னும் உண்மையை இவ்விரு படைப்புகளும் கண்டுகொண்டன. சாளரத்திலிருந்து பார்வை நடைமேடைக்கு இறங்கிவிட்டது. திருப்பாடல் நூலின் மொழியில் சொன்னால், சீயோன் பாடலிலிருந்து பாபிலோன் ஆற்றங்கரைக்கு வந்துவிட்டோம்.

ஆயினும் உவேனோ பாட்டிலும் ஒரு குறை காண்கிறோம். அது விரைவில் ஆறுதல் கொண்டுவிடுகிறது. சிறுவன் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு உழைப்பதற்கு உறுதி பூணுகிறான். அவனது உறுதி போற்றத்தக்கதே. ஆனால் பதினைந்து வயதில் ஒரு பிள்ளை ஏன் தாயை விட்டுப் பிரிய வேண்டும், அவன் உழைப்பின் பயன் யாருக்குச் செல்கிறது என்னும் வினாக்கள் எழுவதற்கு முன்பே பாட்டு முடிந்துவிடுகிறது. தாயகத்தை நினைந்து அழுதவர்கள், தம்மைச் சிறைப்படுத்தியவர்களின் அநீதியையும் இறைவன் முன் வைத்தனர் என்பதை 137-ஆம் திருப்பாடலில் காண்கிறோம். ஆறுதலுக்கும் நீதிக்கும் உள்ள இடைவெளி இங்கே புலனாகிறது.

பின்வந்த இரு பாடல்கள் விரைந்து ஆறுதல் கூறாமையாலேயே உயர்ந்து நிற்கின்றன. ஒன்று, இசே ஷோசோ 1974-இல் இயற்றி, மறு ஆண்டு இருகா என்னும் பாடகியின் குரலில் பெரும்புகழ் பெற்ற 'நகொரி யுகி'. பிரிந்து செல்லும் பருவத்தின் கடைசிப் பனி என்பது அதன் கருத்து. நடைமேடையில் இருவர், வண்டி நகர்கிறது, மூடிய கண்ணாடிக்கு அப்பால் அவள் ஏதோ சொல்ல முற்படுவதாக அவனுக்குத் தோன்றுகிறது, அவன் தலை குனிகிறான். அவள் சென்றபின்னும் அவன் அங்கேயே நிற்கிறான். இங்கே சாளரம் காட்சியைத் திறப்பதில்லை, குரலை மறைக்கிறது. 1900-ஆம் ஆண்டில் நாட்டையே காட்டிய சாளரம் 1974-இல் ஒரு சொல்லைக்கூடக் கடத்தவில்லை.

மற்றொன்று, அகு யூ எழுதி, மிகி தகாஷி இசையமைத்து, இஷிகவா சயூரி 1977-இல் பாடிய 'ட்சுகரு நீரிணையின் குளிர்காலக் காட்சி'. உவேனோவிலிருந்து வந்த இரவு வண்டியை விட்டு ஒரு பெண் பனிமூடிய ஔமோரி நிலையத்தில் இறங்குகிறாள். வடக்கே திரும்பும் பயணிகள் ஒருவரும் பேசுவதில்லை. எல்லாரும் கப்பலை நோக்கி நடக்கின்றனர். பிள்ளைகள் வேலை தேடிச் சென்ற வழியிலேயே, எதிர்த்திசையில், தோற்றவர்கள் திரும்புகின்றனர். அவள் ஏன் திரும்புகிறாள் என்பதைப் பாட்டு விளக்குவதில்லை. அவளுக்கு நம்பிக்கையூட்டவும் முற்படுவதில்லை. அவளோடு நடக்கிறது, அவ்வளவே. எம்மாவுக்குச் சென்ற வழியில் அறியப்படாதவராய் உடன் நடந்த ஆண்டவரும் முதலில் ஆறுதல் கூறவில்லை. என்ன பேசிக்கொண்டு செல்கிறீர்கள் என்று கேட்டார். உடன் நடப்பதே முதல் இரக்கம் என்பதை அறிந்த பாடல் இது. 1988 மார்ச்சில் கடலடிச் சுரங்கம் திறக்கப்பட்டு அக்கப்பல் வழி மறைந்தது. பாடல் மறையவில்லை.

'தபி' என்னும் சொல்

1978-இல் ஜப்பானிய தேசிய இரயில்வே தன் சுற்றுலா விளம்பரத்துக்கென ஒரு பாடலை வழங்கிற்று. தனிமுரா ஷின்ஜி இயற்றி, யமகுச்சி மொமொயே பாடிய 'ஈ ஹி தபிதாச்சி', அதாவது 'நல்ல நாளில் ஒரு பயணப் புறப்பாடு'. விளம்பரமாயினும் அதில் தனிமையும் தேடலும் இருக்கின்றன. எங்கோ தனக்காகக் காத்திருக்கும் ஒருவரைத் தேடியே அப்பயணி புறப்படுகிறாள். அத்தலைப்பிலுள்ள 'தபி' என்னும் சொல்லே பயணத்தைக் குறிப்பது. இனிமையான சொல். விடுமுறையும் மலைக்காட்சியும் அதனோடு ஒட்டிக்கொண்டுள்ளன.

ஆனால் ஜப்பானியக் கத்தோலிக்கரின் வரலாற்றில் அச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. இருநூற்றைம்பது ஆண்டுகள் மறைந்து வாழ்ந்து விசுவாசத்தைக் காத்த நாகசாகியின் உரகமி ஊரார் வெளிப்பட்டபோது, 1868 முதல் அரசு அவர்களை ஊரோடு பெயர்த்து, நாட்டின் பல பகுதிகளுக்கும் பிரித்து நாடுகடத்திற்று. மூவாயிரத்திற்கும் மேற்பட்டோர் சென்றனர். அறுநூறுக்கும் மேற்பட்டோர் பட்டினியாலும் நோயாலும் வதையாலும் மாண்டனர். 1872 அக்டோபரில் முதல் இரயில் பாதை கொண்டாட்டத்தோடு திறக்கப்பட்டபோது அவர்களுள் மிகப் பலர் இன்னும் சிறைக்கூடங்களில் இருந்தனர். மறு ஆண்டுதான் தடை நீங்கி ஊர் திரும்பினர். அந்த நாடுகடத்தலுக்கு உரகமி மக்கள் இட்ட பெயர் 'தபி'. பயணம். அவ்வளவே சொன்னார்கள்.

சாளரத்தின் வழியே கண்ட நாடும், உவேனோவின் ஏக்கமும், ஔமோரியின் பனியும் ஒரு சொல்லில் அடங்கும். அதே சொல்லில் உரகமியாரின் துன்பமும் அடங்கும். ஆகவே இப்பாடல்களைப் பற்றி நம் முடிவு இதுதான்: பயணத்தின் இனிமையைப் பாடுவது பிழையன்று, விரும்பிச் செல்வோரின் பாட்டும் திருப்பாடல் நூலில் உண்டு. ஆனால் விரும்பாமல் சென்றவரை அறியாத பயணப் பாடல் பாதிப் பாடலே. ஜப்பானியரின் இரயில் பாடல்கள் சாளரத்தை விட்டு நடைமேடைக்கு இறங்கியபோது வளர்ந்தன. பாதை போட்டவரின் அருகில் செல்வதற்கு அவற்றுக்கு இன்னும் வழி உள்ளது. உவேனோ பாட்டு வெளிவந்த அதே 1964-ஆம் ஆண்டு நவம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையைப் பயணம் செய்யும் திருச்சபை என விளக்கியது. நாமும் பயணிகள் எனச் சொல்லிக்கொள்கிறோம். பயணப் பாடல்களையும் பாடுகிறோம். நம் பாடல்களில் யார் ஏறியிருக்கிறார்கள், யார் விடப்பட்டார்கள் என்பதை நாமும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1945 ஆகஸ்ட் 9-ஆம் நாள், அணுகுண்டு விழுந்து எரிந்துகொண்டிருந்த உரகமிப் பள்ளத்தாக்கின் அருகே இரயில் ஊழியர்கள் அன்றே ஒரு மீட்பு வண்டியைக் கொண்டுசென்றனர். காயமுற்றவர்களைத் தூக்கி ஏற்றி, அருகிலிருந்த ஊர்களின் மருத்துவமனைகளுக்கு எடுத்துச் சென்றனர். தொடர்ந்து வேறு வண்டிகளும் சென்றன. தபியிலிருந்து திரும்பியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழ்ந்த ஊர் அது. ஜப்பானின் இரயில் பாடல்களைக் கேட்கும்போதெல்லாம் அந்த வண்டியையும் நாம் நினைவில் கொள்வோமாக.